லீடு குரூப்ல வந்துடும், போன் யாரு போடறது?

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணத்துல சொட்டு நீர் பாசனம் அமைச்சுத் தர்ற கடை வச்சிருக்கேன். ஃபேஸ்புக்ல விளம்பரம் போட்டு ஃபார்ம் மூலமா பேரு, நம்பர் வாங்கறோம், தினம் எட்டு பத்து பேர் போடறாங்க. ஆனா பகல்ல நான் யாரோ ஒருத்தர் தோட்டத்துல பைப் இழுத்துட்டு இருப்பேன், ராத்திரி வீட்டுக்கு வந்துதான் டவுன்லோட் பண்ணிப் பாக்கறது. மறுநாள் கூப்பிட்டா "வேற ஆளு வந்து அளந்துட்டுப் போயிட்டாங்களே"ன்றாங்க. டீம்ல அஞ்சு பேரு, பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடுன்னு ஆளுக்கு ஒரு பக்கம். லீடு, அதாவது ஃபார்ம் போட்டவங்க பேரும் நம்பரும், வந்த உடனே எல்லார் போன்லயும் தானா வந்து விழணும். கோடிங் சுத்தமா தெரியாது. முடியுமா?

பதில்: தாராளமா முடியும் தம்பி, ஒரு மத்தியானம் உக்காந்தா போதும். நடுவுல தரகர் மாதிரி நிக்க ஒரு சர்வீஸ் வேணும், அவ்ளோதான். ஸாப்பியர், மேக், நம்ம ஜோஹோவோட ஃப்ளோன்னு நாலஞ்சு இருக்கு. "இந்தப் பக்கம் புது லீடு விழுந்தா அந்தப் பக்கம் இந்த மெசேஜைப் போடு"ன்னு கோத்து விட்டா அது பாட்டுக்கு ஓடும்.

எங்க போடறதுன்றதுலதான் பாதி பேர் தடுமாறறாங்க. கண்டிப்பா உங்க கடைக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கும், அதுலயே வந்துட்டா நல்லாருக்குமேன்னு தோணும், ஆனா நாம சாதாரணமா ஆரம்பிக்கற வாட்ஸப் குரூப்புக்குள்ள இந்த சர்வீஸ் எதுவும் நேரா மெசேஜ் போடாது. ஆபீஸ்காரங்க டீமுக்குள்ள பேசிக்கற ஸ்லாக்னு ஒரு ஆப் இருக்கு, நல்ல சாமான்தான், இலவச பிளான்ல 90 நாளுக்கு முந்தின மெசேஜ் தெரியாதுன்றத விட, தோட்டத்துல சேறும் சகதியுமா நிக்கற பையன் அதுக்காக இன்னொரு ஆப்பைத் திறந்து பாப்பானான்றதுதான் என் சந்தேகம். உங்களுக்கு டெலிகிராம் சரி வரும். அதுல பாட்ஃபாதர்னு தேடினா ஒரு கணக்கு வரும், அதுகிட்ட புது பாட், அதாவது ஆள் இல்லாம தானா மெசேஜ் போடற கணக்கு, கேட்டா ஒரு நீளமான டோக்கன் குடுக்கும். வீட்டுச் சாவி மாதிரி அது, கண்டவங்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்க. பாட்டை உங்க குரூப்ல சேத்துட்டு, டோக்கனை ஸாப்பியர்லயோ மேக்லயோ குடுத்து, குரூப்போட ஐடி நம்பரையும் போட்டுடுங்க, மைனஸ் குறியில ஆரம்பிக்கும், அந்த மைனஸையும் சேத்து போடணும்.

இந்த ஐடியில நான் ஒரு தடவை நல்லா மாட்டினேன். தர்மபுரியில மச்சான் சோலார் மோட்டார் கடை வச்சிருக்கார், அவருக்கு இதே மாதிரி செஞ்சு குடுத்தேன், ஒரு மாசம் ஜோரா ஓடுச்சு. புதுசா ஒரு பையன் சேந்தான், அவனுக்குப் பழைய மெசேஜும் தெரியட்டுமேன்னு செட்டிங்ஸ்ல ஒரு பட்டனை மாத்தினேன், அன்னியிலேர்ந்து ஒரு லீடும் வரல. விளம்பரம் படுத்துடுச்சுன்னு மச்சான் காசை ஏத்திட்டே இருக்கார். ரெண்டு நாள் கழிச்சு உள்ள போய்ப் பாத்தா வரிசையா சிவப்பு எரர், அந்தப் பட்டனை மாத்தினதும் டெலிகிராம் அதை சூப்பர் குரூப்பா மாத்தி, ஐடியையும் புதுசா குடுத்திருக்கு. புது ஐடி போட்டதும் சரியாயிடுச்சு, மச்சான் மூஞ்சி சரியாகத்தான் கொஞ்ச நாள் ஆச்சு.

ஃபேஸ்புக் பக்கம் ரெண்டு விஷயம். பப்ளிஷ் பண்ண ஃபார்மைத் திருத்த முடியாது, காப்பி எடுத்துதான் புதுசு போடணும், அப்ப நீங்க கோத்து விட்ட ஆட்டோமேஷன்ல பழைய ஃபார்ம் மட்டும் தேர்வாகி இருந்தா புதுசுல வர்றது குரூப்புக்கு வராது. இன்னொண்ணு, போன் நம்பரை ஃபேஸ்புக்கே ப்ரொஃபைல்லேர்ந்து எடுத்து நிரப்பிடும், அது எந்தக் காலத்து சிம்மோ. அதனால "இப்ப பேசற நம்பர்"னு தனியா ஒரு கேள்வி வைங்க, கூடவே தாலுகா, பயிர், ஏக்கர். சிறு குறு விவசாயி சான்று இருக்கான்னும் கேளுங்க, அவங்களுக்கு 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75ன்றது உங்களுக்குத் தெரியாததா, மொத போன்லயே பேச்சு அங்கதான வந்து நிக்குது. குரூப்ல விழற மெசேஜ் இப்படி இருந்தா போதும்: "பாலக்கோடு, தக்காளி, 2 ஏக்கர், சான்று இருக்கு", அதுக்குக் கீழ பேரும் நம்பரும். போன்ல நம்பரைத் தொட்டா டயல் ஆயிடும். டெஸ்ட் பண்ண ஃபேஸ்புக்லயே லீட் டெஸ்டிங் டூல் இருக்கு, ஒரு ஃபார்முக்கு ஒரு டெஸ்ட் லீடுதான், அடுத்தது வேணும்னா மொதல்ல போட்டதை டெலீட் பண்ணணும், இது தெரியாம கெட்டுப் போச்சுன்னு பயந்துக்காதீங்க.

செலவு? ஸாப்பியர் இலவச பிளான்ல மாசம் 100 டாஸ்க்தான், அதாவது நூறு தடவைதான் வேலை செய்யும், உங்களுக்குப் பத்தாது. மேக்ல 1000 வரைக்கும் குடுக்கறாங்க, அங்க ஆரம்பிங்க.

இதெல்லாம் செஞ்ச அப்புறமும் மச்சான் கடையில மொத வாரம் என்ன ஆச்சுன்னா, லீடு வந்த நொடியே அஞ்சு பேரும் பாத்தாங்க, ரெண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாங்க, அவன் பேசிருப்பான்னு இவனும் இவன் பேசிருப்பான்னு அவனும் விட்டுட்டாங்க. பென்னாகரத்துக்காரருக்கு மூணு போன், அரூர்க்காரருக்கு ஒண்ணுமே போகல. பழையபடி ராத்திரி ஒருத்தர் பாத்துக் கூப்பிட்டதே தேவலைன்ற நிலைமை. அதுக்கப்புறம்தான் மச்சான் ஒரு சட்டம் போட்டார்: எடுக்கறவன் அந்த மெசேஜுக்கு ரிப்ளையா "நான்"னு போட்டுட்டுதான் டயல் பண்ணணும், கால் மணி நேரத்துல யாரும் "நான்" போடலன்னா கல்லாவுல இருக்கறவர் கூப்பிடணும், கட்டை விரல் காட்டறவனுக்கு அன்னிக்கு டீச் செலவு. நீங்க தாலுகா கேக்கறதால இன்னும் சுலபம், பாலக்கோடுன்னா இவன், ஊத்தங்கரைன்னா அவன்னு பட்டியல் எழுதி குரூப்ல பின் பண்ணிடுங்க.

கேள்வி: சந்தூர்ல மாங்கன்னு நர்சரி வச்சிருக்கோம் சார். ஃபேஸ்புக் லீடு மேக் வழியா கூகுள் ஷீட்டுக்கு வருது, ஷீட்லேர்ந்து இன்னொண்ணு குரூப்புக்கு அனுப்புது. பத்து நாள்ல 1000மும் தீந்துடுது, அவ்ளோ லீடே வரல. பாதி நம்பர் எரர்னு வருது, காலைல 9:10க்கு வந்த லீடுக்கு 3:40ன்னு காட்டுது.

பதில்: ஷீட்ல புது வரி வந்துச்சான்னு அது 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குது சார், ஒண்ணும் இல்லன்னாலும் பாத்ததுக்கே அந்த 1000ல ஒண்ணு கழிஞ்சுடும். ஒரு நாளைக்கு 96 தடவை, பத்து நாள்ல ஏறக்குறைய ஆயிரம். ஷீட்லேர்ந்து குரூப்புக்கு அனுப்பற அந்த ரெண்டாவதைத் தூக்கிடுங்க. மொத ஆட்டோமேஷன்லயே ஷீட்டுக்கு அடுத்து குரூப்பையும் கோத்துடுங்க, ஃபேஸ்புக்கே லீடைத் தள்ளி விடும், எட்டிப் பாக்கற வேலை இல்ல. நம்பர் முன்னாடி பிளஸ் இருந்து நடுவுல இடைவெளியும் இருந்தா ஷீட் அதைக் கணக்குன்னு நினைச்சுக்கும், அந்தக் கட்டத்துல நம்பருக்கு முன்னாடி ஒத்தை மேற்கோள் குறி போட்டுடுங்க. நேரம் உலக நேரத்துல வருது, நம்முளுது அஞ்சரை மணி நேரம் முன்னாடி, தேதி ஃபார்மட் பண்ற இடத்துல ஆசியா கொல்கத்தான்னு டைம் ஜோன் குடுங்க.

கேள்வி: ஓசூர்ல மாடுலர் கிச்சன் பண்றேன். க்யூஆர் ஸ்கேன் பண்ணா போதும், வாட்ஸப் குரூப்லயே லீடு போட்டுடறேன்னு ஒருத்தர் கம்மி விலைக்கு சொல்றார். வாங்கலாமா?

பதில்: வேணாம். நீங்க ஸ்கேன் பண்ணதும் உங்க வாட்ஸப்பே அவர் கம்ப்யூட்டர்ல திறந்து கிடக்கும், கஸ்டமர்கிட்ட பேசினது, அவங்க அனுப்பின வீட்டு பிளான் எல்லாம் சேத்துதான். வாட்ஸப் விதிப்படி இந்த மாதிரி டூலுக்கு அனுமதியும் இல்ல, கண்டுபிடிச்சா நம்பரையே முடக்கிடுவாங்க. அந்த நம்பரைத்தான கடை போர்டுலயும் டெம்போ பின்னாடியும் பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பீங்க?