ஹவாய்ப் போர்வைகள் மிஷனரிகள் தந்தவை என்றால், அவை எப்படி ஹவாய் மரபாகும்?

அமெரிக்க மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலையை ஹவாய் மக்கள் ஏன் தங்கள் சொத்தாகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கைத்தையலில் ஊறியவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

1820 ஏப்ரலில், தாங்கள் வந்த தாடியஸ் என்ற கப்பலிலேயே அரச குடும்பப் பெண்களுக்கு மிஷனரிகளின் மனைவிகள் தையல் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் போர்வை அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. வவுக்கே என்ற காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, அடித்து மெல்லிய விரிப்பாக்கி, அடுக்கித் தைத்த அதற்கு 'காப்பா மோயே' என்று பெயர். அப்படிப் பழகியவர்களுக்கு, மிஷனரிப் பெண்கள் காட்டியபடி நல்ல துணியைத் துண்டுதுண்டாக நறுக்கி மறுபடி ஒட்டுப்போடுவது வீண்வேலையாகப் பட்டதாம். எனவே முழுத் துணியை எட்டாக மடித்து, ஒரு பகுதியை மட்டும் வெட்டினார்கள். விரித்தால் நடுவிலிருந்து நாலாபுறமும் ஒரு செடி படர்ந்திருக்கும்.

பழைய சிவப்புப் புடவையில் நானும் முயன்றிருக்கிறேன். எட்டு மடிப்பில் கத்திரி வழுக்குகிறது. வெட்டிய பிறகுதான் உண்மையான வேலை: பிசிறும் ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளித் தள்ளி, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைக்க வேண்டும். பிறகு அந்த உருவைச் சுற்றி விரலகல இடைவெளியில் தையல் வரிகள், கரையில் அலை வந்து படிவதுபோல. ஒரு இலைக்கே எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. கட்டில் அளவுப் போர்வைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

முதல் போர்வைக்குச் சீமைப்பலா வடிவம் எடுத்தால் வாழ்வில் குறை வராது என்பது நம்பிக்கை. தைத்தவரின் உயிராற்றல் அதில் தங்குகிறது என்பதால் போர்வைமேல் உட்கார மாட்டார்கள். பிறர் உருவாக்கிய வடிவத்தைக் கேட்காமல் எடுப்பது திருட்டு.

என்னை உலுக்கியவை கொடிப் போர்வைகள். 1893இல் ஹவாயின் ராணி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அரசு போன பின்னும் 'கூஉ ஹாயே அலோஹா', அதாவது 'என் அன்புக் கொடி' என்ற பெயரில் பெண்கள் நாட்டின் கொடியைப் போர்வையில் தைத்து வீட்டுக்குள் காத்தார்கள்.

1895இல் ராணியையே இயோலானி அரண்மனையின் மாடியறையில் ஏறக்குறைய எட்டு மாதம் சிறைவைத்தார்கள். அங்கே அவரும் தோழியரும் பட்டு, வெல்வெட் துண்டுகளால் ஒன்பது கட்டங்கள் கொண்ட போர்வையைத் தைத்தார்கள். அது ஹவாய்ப் பாணியல்ல, ஒட்டுத்துணி வேலை. தன் வாழ்வின் நாட்களையும், ஹவாய்க் கொடிகளையும், தான் சிறைப்பட்ட செய்தியையும் அதில் நூலால் எழுதிவைத்தார். அடைக்கப்பட்டிருந்த அதே அறையில்தான் அந்தப் போர்வை இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.