ஜூலையில் கோல்டன் கேட் பாலம் கண்ணில் படவில்லையா?

பிள்ளைகளோட ரெண்டு நாளா காலை 8 மணிக்குப் போயும் மூடுபனியில் பாலமே தெரியலைன்னு கேட்டிருக்கீங்க. நாளைக்கும் அதே நேரத்துக்குப் போகாதீங்க. கடலோரச் சுற்றுலாப் பகுதியான ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபைக் காலையிலேயே முடிச்சுட்டு, பாலத்துக்கு மதியம் 1 மணிக்கு மேல போங்க.

"ரெண்டு நாளும் வெள்ளைச் சுவர்தான் தெரிஞ்சது"ன்னு எழுதியிருக்கீங்க. சான் பிரான்சிஸ்கோவில் கோடைதான் மூடுபனிக் காலம். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காயும்போது, குளிர்ந்த பசிபிக் காற்றை பாலத்துக்குக் கீழே இருக்கிற குறுகலான கடல் வாய் வழியா இழுக்குது. பெரும்பாலும் மதியம் கொஞ்சம் கலையும், சாயங்காலம் திரும்ப வந்துடும்.

கிளம்பும் முன் பாலத்தைக் காட்டும் நேரலை கேமராவை இணையத்தில் பாருங்க:

1. கோபுர உச்சி மட்டும் தெரிஞ்சா பனி தாழ்வா இருக்கு. வடகரையில் ஹாக் ஹில் குன்றுக்கு ஏறுங்க. பனி காலடியில் பஞ்சு மாதிரி கிடக்கும், 746 அடிக் கோபுரங்கள் அதிலிருந்து சிவப்பா எட்டிப் பார்க்கும். பாலம் முழுசாத் தெரியுறதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

2. உச்சி மறைஞ்சு அடி தெரிஞ்சா, தென்கரையில் ஃபோர்ட் பாயிண்ட் கோட்டைக்குப் போங்க. பாலம் தலைக்கு மேலேயே போகும்.

சில நாள் முழுக்கக் கலையாது, அதுக்கு உத்தரவாதம் கிடையாது. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். நாங்க கோடைதானேன்னு அரைக்கைச் சட்டையோட போய், நடுங்கிக்கிட்டே அங்கேயே நாலு ஸ்வெட்டர் வாங்கினோம்.