தம்பி எல்எஸ்டி எடுத்திருக்கிறான், மூளை கெட்டுப்போகுமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. கல்லூரி விடுதியில் நண்பர்களோடு சேர்ந்து இரண்டு முறை எல்எஸ்டி ஸ்டாம்ப் (பிரமை உண்டாக்கும் போதை மருந்து தோய்த்த சின்னக் காகிதத் துண்டு) எடுத்ததாக அவனே என்னிடம் சொன்னான். "இது அடிமையாக்காது, மூளை செல்லை வளர்க்கும், ஆராய்ச்சியே வந்திருக்கு" என்கிறான். அம்மாவோ மூளையில் ஓட்டை விழுந்துவிடும், மருந்து முதுகுத்தண்டிலேயே தங்கிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டே இருக்கிறார். யார் சொல்வது சரி? (அம்மாவின் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது, இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துவோம்.

ஓட்டையெல்லாம் விழாது. வழக்கமாக எடுக்கப்படும் அளவில் எல்எஸ்டியோ, மேஜிக் மஷ்ரூமில் இருக்கும் சைலோசைபினோ மனித நரம்பணுக்களைக் கொல்வதாக ஆதாரம் கிடையாது. முதுகுத்தண்டில் தங்கும் என்பதும் பல பத்தாண்டுகளாகச் சுற்றிவரும் கதை. எல்எஸ்டியைக் கல்லீரல் சிதைத்துவிடும், ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும், சில நாட்களில் உடம்பை விட்டே போய்விடும். அப்படியென்றால் ட்ரிப், அதாவது அந்தப் போதை அனுபவம், ஏன் 8 முதல் 12 மணி நேரம் நீள்கிறது என்று கேட்பீர்கள். மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்று செரட்டோனின், அது வந்து ஒட்டும் இடம்தான் ஏற்பி. அப்படியொரு ஏற்பிக்குள் எல்எஸ்டி மூலக்கூறு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை 2017-இல் படிக அமைப்பாகப் பார்த்தார்கள். மூலக்கூறு உள்ளே போனதும் ஏற்பியின் ஒரு பகுதி டப்பா மூடி மாதிரி மேலே கவிழ்ந்துகொள்கிறது. சட்டென்று வெளியே வர முடிவதில்லை.

பிரமைகளுக்கு முக்கியக் காரணம் 2ஏ என்ற வகை செரட்டோனின் ஏற்பி. இது மூளையின் வெளி அடுக்கான புறணியில் நிறைய இருக்கிறது. கெட்டான்செரின் என்ற மருந்தால் இதை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சைலோசைபின் கொடுத்தால் பிரமைகள் பெரும்பாலும் வருவதே இல்லை என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். "நாம் மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோம், இது மீதியைத் திறந்துவிடும்" என்று தம்பியின் நண்பர்கள் சொல்லியிருந்தால் அதையும் நம்பவேண்டாம். முதலில் அந்த 10 சதவீதமே பொய். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சைலோசைபின் கொடுத்து ஸ்கேன் எடுத்தபோது மூளையின் முக்கியமான சில மையங்களில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது.

சரி, செல்லை வளர்க்கும் என்ற பேச்சு. இது முழுப் பொய்யில்லை, அதனால்தான் பிடிவாதமாக நிற்கிறது. 2018-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்கள் எல்எஸ்டி பட்டதும் கூடுதல் கிளை விட்டன. 2021-இல் யேல் ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒரே ஒரு டோஸ் சைலோசைபின் கொடுத்தபோது நரம்பணு இணைப்பு முட்கள் (ஒரு நரம்பணு இன்னொன்றோடு தொடர்புகொள்ளும் குட்டி முனைகள்) ஏறக்குறைய 10 சதவீதம் கூடின. எலிக்கு! விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் பையனின் மூளையில் அதுவே நடக்கும், நடந்தாலும் நல்லதாகவே முடியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மன அழுத்தத்துக்கான 2022-ஆம் ஆண்டு சோதனையில் 233 பேரில் 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் மருத்துவரீதியாக வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள், அளவு துல்லியமாகத் தெரிந்த மருந்து, பக்கத்திலேயே பயிற்சி பெற்ற ஆள்.

அடிமையாக்காது என்பதில் மட்டும் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. அடுத்தடுத்த நாள் எடுத்தால் அதன் வேலை வெகுவாகக் குறைந்துவிடும், மதுவுக்கு வருவது போன்ற உடல் ஏக்கமும் வராது. அதனால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

இப்போது மாமா விஷயம். இந்த மருந்துகளை ஆதரிக்கிற ஆய்வாளர்களே தங்கள் சோதனையில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கும் ஆட்கள் யார் தெரியுமா, மனச்சிதைவு போன்ற நோய் வந்தவர்களும் அவர்களுடைய ரத்த உறவுகளும்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதலில் பெற்றோர், உடன்பிறந்தோரோடு நிற்காமல் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை போன்ற இரண்டாம் நிலை உறவு வரைக்கும் சேர்த்திருக்கிறார்கள். தம்பி எந்த ஆய்வுகளைக் காட்டிப் பேசுகிறானோ, அப்படிப்பட்ட ஒன்றில் சேரப் போனால் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். இதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள், திட்டுவதைவிட நன்றாக ஏறும்.

அதற்காக அவனுக்கு நோய் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. மாமாவுக்கு இருந்தால் மருமகனுக்கு வராமல் போவதற்கான வாய்ப்பே மிக அதிகம். ஆனால் ஆண்களுக்கு இது பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவக் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரைக்கும், அவன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது மூன்றாவது முறைக்கு உத்தரவாதமும் இல்லை. கஞ்சாவும் பழக்கமா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் அதுவும் தனி ஆபத்து. மருந்தின் வேகம் ஒரு நாளில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் தூக்கமே இல்லாமல் இருக்கிறான், எல்லோரையும் சந்தேகிக்கிறான், குரல் கேட்கிறது என்கிறான் என்றால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பார்வையில் புள்ளிகளும் நகரும் பொருளுக்குப் பின்னால் வால்போன்ற தடமும் வாரக்கணக்கில் நீடிப்பது வேறு பிரச்சினை. அரிதுதான், ஆனாலும் காட்டவேண்டும்.

அப்புறம், ஸ்டாம்பில் இருப்பது எல்எஸ்டிதானா என்பதே கேள்வி. என்பிஓஎம்இ என்ற வகை ரசாயனங்களை அதே பெயரில் விற்றிருக்கிறார்கள், உயிர்கள் போயிருக்கின்றன. கசப்பும் நாக்கு மரத்துப்போவதும் அதன் அடையாளம் என்பார்கள், ஆனால் கசக்கவில்லை என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை எடுத்தால் வலிப்பு வரலாம்.

மறுபடி எடுத்துவிட்டுப் பயந்து நடுங்குகிறான் என்றால் வெளிச்சமும் சத்தமும் குறைவான அறையில், அவன் நம்புகிற ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து பேசினால் போதும். வலிப்பு, கடும் காய்ச்சல், நெஞ்சுவலி வந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. மாமாவின் மாத்திரை இருக்கிறதே என்று அதில் ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே தேவைப்பட்டால் பொருத்தமான மருந்து கொடுப்பார்கள். என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை மட்டும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.