ஃபிராங்கன்ஸ்டைன்: 1818 பதிப்பைப் படிப்பதா, 1831 பதிப்பைப் படிப்பதா?

திருநெல்வேலியில் முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பாடத்திட்டத்தில் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று மட்டுமே இருக்கிறது. கைக்குக் கிடைத்த இரண்டு பிரதிகளில் ஒன்று 1818ஆம் ஆண்டின் முதற்பதிப்பு, மற்றொன்று ஆசிரியரே திருத்தி விரிவாக்கிய 1831ஆம் ஆண்டின் பதிப்பு. எதைப் படிப்பது, இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு என்று கேட்கிறார். பாளையங்கோட்டையில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத இயலாது.

முதலில் 1818ஐ முழுமையாகப் படியுங்கள். பிறகு 1831இன் முதல் இரண்டு அத்தியாயங்களையாவது அதனோடு ஒப்பிட்டுப் படியுங்கள். 1831க்கு மேரி எழுதிய முன்னுரையை எல்லாவற்றுக்கும் கடைசியில் படியுங்கள். கதையின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரைப் படைத்துவிட்டு அதைக் கைவிடுபவன். முதற்பதிப்பின் விக்டர் தானே தேர்ந்து செய்த செயல்களால் அழிகிறான். விரிவாக்கிய பதிப்பின் விக்டரோ விதி தன்னை இழுத்துச் சென்றதாகச் சொல்லிக்கொண்டே அழிகிறான். சம்பவங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், குற்றம் யாருடையது என்ற கேள்வி இரு பதிப்புகளிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்த நாவலின் உயிரே அந்தக் கேள்விதான் என்பதால்தான் பதிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பதிப்பு வரலாறு சுருக்கமானது. 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று சிறு பாகங்களாக 500 பிரதிகள் லண்டனில் வெளிவந்தன. முகவுரையை எழுதியவர் கணவர் பெர்சி ஷெல்லி. ஆனால் நாவலாசிரியரே பேசுவதுபோல அதை எழுதியிருந்தார். 1823இல் மேரியின் தந்தை வில்லியம் காட்வின் முயற்சியால் இரண்டு பாகங்களாக மறுபதிப்பு வந்தது. ஆங்கிலப் பதிப்புகளில் மேரியின் பெயர் அதில்தான் முதன்முதலாக அச்சேறியது. 1831இல் கோல்பர்ன், பென்ட்லி நிறுவனத்தாரின் மலிவுவிலை நாவல் வரிசைக்காக மேரி நூலைத் திருத்தி, சில பகுதிகளை விரித்து எழுதி, புதிய முன்னுரையும் சேர்த்து, ஒரே பாகமாக வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் உலகம் படித்தது பெரும்பாலும் இந்தப் பாடத்தைத்தான். 1970களுக்குப் பிறகே முதற்பதிப்பு ஆய்வாளர்களாலும் ஆசிரியர்களாலும் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. உங்கள் பிரதி எந்தப் பாடம் என்று பின்னட்டையில் இல்லாவிட்டாலும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அத்தியாய எண்கள் 24 வரை தொடர்ச்சியாகச் சென்றால் அது 1831. மூன்று பாகங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகத்திலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கினால் அது 1818.

வேறுபாட்டை நேரில் காண, மின்னல் தாக்கும் காட்சி ஒன்றே போதும். விக்டருக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. ஜூரா மலைகளுக்குப் பின்னாலிருந்து இடிமழை எழுந்து வருகிறது. வீட்டிலிருந்து ஏறத்தாழ இருபது கஜ தூரத்தில் நிற்கும் அழகான பழைய ஓக் மரத்தின்மீது இடி விழுகிறது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மரம் பிளந்து கிடக்கவில்லை. மெல்லிய நாடா நாடாவாகக் கிழிந்து கிடக்கிறது. இதுவரை இரு பதிப்புகளும் ஒன்றுபோலவே செல்கின்றன. 1818இல், இடி என்பது என்ன என்று சிறுவன் தன் தந்தையிடம் கேட்கிறான். தந்தை மின்சாரம் என்று பதில் சொல்வதோடு நிற்காமல், ஒரு சிறிய மின்பொறி செய்து காட்டுகிறார். கம்பியும் நூலும் கட்டிய பட்டம் ஒன்றைச் செய்து மேகத்திலிருந்து மின்சாரத்தை இறக்கியும் காட்டுகிறார். அறிவியல் தெரிந்த, பிள்ளைக்கு நேரம் ஒதுக்கும் ஒரு தகப்பன் அந்த வீட்டில் இருக்கிறார். 1831இல் தந்தையின் இந்தப் பங்கு முழுவதும் போய்விடுகிறது. அங்கு வந்திருந்த அறிஞர் ஒருவர் மின்சாரத்தைப் பற்றியும், மின்சாரத்தால் தசைகள் துடிப்பதைப் பற்றிய கால்வானியக் கோட்பாட்டைப் பற்றியும் விளக்கம் தருகிறார். அதைக் கேட்ட விக்டர் பழைய ரசவாத நூல்களைக் கைவிட்டுக் கணிதத்தின் பக்கம் திரும்புகிறான். அது தன்னைக் காக்க நினைத்த நல்ல தேவதையின் கடைசி முயற்சி என்றும், ஊழ் அதைவிட வலியதாக இருந்தது என்றும், தன் அழிவை அது முன்பே முடிவு செய்துவிட்டது என்றும் விக்டர் அங்கே சொல்கிறான்.

முதற்பதிப்பிலும் ஊழைப் பற்றிய சொற்கள் ஆங்காங்கே உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கு அவை துன்பத்தில் இருப்பவன் வாய்விட்டுச் சொல்லும் புலம்பல் அளவிலேயே நிற்கின்றன. 1831இல் அவையே கதையின் முதுகெலும்பாகி விடுகின்றன. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் முதல் பேராசிரியரைச் சந்திக்கச் செல்லும் சாதாரண நிகழ்ச்சியைக்கூட, அழிவின் தேவதை தன்னை அங்கே அழைத்துச் சென்றதாக விக்டர் விவரிக்கிறான். நம் பக்கத்து வீடுகளில் எந்தத் துயரத்துக்கும் “தலையெழுத்து” என்று ஒரு சொல்லில் ஆறுதல் தேடுவது வழக்கம் என்பதால், மாணவர்கள் 1831இன் விக்டரோடு விரைவில் ஒன்றிவிடுவார்கள். அந்த ஒன்றுதலே எனக்குக் கவலை தருவது. பிணங்களின் உறுப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்கிவிட்டு, அது கண் திறந்த இரவிலேயே அதை விட்டு ஓடிப்போன ஒருவனை, விதியின் பெயரைச் சொல்லி மன்னித்துவிட்டால், அந்த உயிர் பின்னால் கேட்கும் நியாயம் யார் காதிலும் விழாமல் போய்விடும்.

விக்டர் மணக்கும் எலிசபெத்தின் பிறப்பு வரலாறு அடுத்த பெரிய மாற்றம். 1818இல் அவள் விக்டருடைய தந்தையின் உடன்பிறந்தாள் மகள். நம் முறைப்படி அத்தை மகள், கட்டிக்கொள்ளும் உரிமையுள்ள முறைப்பெண். நெல்லைச் சீமையில் இந்தத் திருமணம் யாருக்கும் நெருடாது. என் வகுப்பில் ஒருவருக்கும் நெருடியதில்லை. 1831இல் அவள் இரத்த உறவே இல்லாத குழந்தையாகிறாள். கோமோ ஏரியின் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில், பசித்த பிள்ளைகளுக்கு நடுவே, பொன்னிறக் கூந்தலோடு வளரும், பிறப்பால் மிலான் நகரத்துப் பிரபு ஒருவரின் மகளான அவளை விக்டரின் தாய் எடுத்து வருகிறார். நெருங்கிய இரத்த உறவில் திருமணம் என்ற உறுத்தலை நீக்கவே மேரி இப்படி மாற்றினார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மாற்றிய பிறகும் இருவரும் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லியே அழைத்துக்கொள்வது பழைய பாடத்தின் தழும்பாக நின்றுவிட்டது. ஆனால் இதைவிட என்னை உறுத்தும் வரி வேறு. என் விக்டருக்கு ஓர் அழகான பரிசு வைத்திருக்கிறேன் என்று அந்தத் தாய் சொல்கிறார். மறுநாள் அந்தப் பெண்குழந்தை பரிசாகவே அவனிடம் வந்து சேர்கிறாள். அவனும் அவளைத் தன் உடைமையாகவே எண்ணத் தொடங்குகிறான். இது 1831இல் மட்டுமே உள்ளது.

விரிவாக்கிய பதிப்பு என்ற பெயரைக் கேட்டு, பழையது எல்லாம் இருக்கும், கூடுதலாகவும் சில இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். செய்யாத கொலைக்காக விக்டர் வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் தூக்குமேடைக்குப் போகவிருக்கும் சிறைக் காட்சியில், 1818இன் எலிசபெத் நீதி வழங்கும் முறையையே சபிக்கிறாள். ஓர் உயிர் கொல்லப்பட்டால் மற்றோர் உயிரை மெல்ல வதைத்துப் பறிக்கிறார்கள், இரத்தம் காயாத கைகளோடு பெரிய காரியம் செய்துவிட்டதாக நம்புகிறார்கள், அதற்குத் தண்டனைநீதி என்று பெயரும் சூட்டுகிறார்கள் என்பது அவள் பேச்சின் சாரம். மரண தண்டனையை எதிர்த்து இவ்வளவு நேரடியாகப் பேசும் ஓர் இளம்பெண்ணை 1818ஆம் ஆண்டின் நாவல் ஒன்றில் காண்பது அரிது. 1831இல் இந்தப் பேச்சு நீக்கப்பட்டு, கண்ணீரும் ஆறுதலுமே எஞ்சுகின்றன. முதற்பதிப்பை முதலில் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு பக்கமே போதுமான காரணம்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு மாற்றமும் இருக்கிறது. விக்டரின் நண்பன் கிளெர்வல் 1818இல் பாரசீகம், அரபு, எபிரேயம் ஆகிய மொழிகளில் ஈடுபாடு கொண்டவன். 1831இல் எபிரேயத்தின் இடத்தில் சமஸ்கிருதம் வருகிறது. அதோடு, இந்தியாவுக்குச் செல்வதே அவன் நோக்கம் என்றும், அந்நாட்டு மொழிகளில் தனக்குள்ள அறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் உதவ அவன் விரும்பினான் என்றும் ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கவிதையும் மென்மையுமாக வரைந்த ஒரு பாத்திரத்துக்கு இப்படி ஒரு தொழில் தரப்பட்டிருப்பதைப் படிக்கும்போது நமக்குச் சற்று நின்று யோசிக்கத் தோன்றும். 1801 முதலே திருநெல்வேலிச் சீமை கம்பெனியாரின் நேரடி ஆட்சியில் இருந்தது. இந்த வாக்கியம் அச்சேறிய ஆண்டில் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தங்கித் தமிழில் உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நோக்கம் சமயம் சார்ந்தது, கிளெர்வலுடையது அப்படியல்ல. என்றாலும் கீழ்த்திசை மொழிகளைக் கற்பது ஐரோப்பிய இளைஞன் ஒருவனுக்கு இயல்பான வாழ்க்கை வழியாக எண்ணப்பட்ட காலம் அது என்பது அந்த ஒற்றை வாக்கியத்தில் தெரிகிறது. பதிப்புகளை ஒப்பிடும் பழக்கமும் நம் ஊருக்கு வேண்டாத ஒன்றல்ல. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்து, 1875இல் விரிந்து, 1913இன் மூன்றாம் பதிப்பில் சில பகுதிகளை இழந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, எந்தப் பதிப்பு என்று கேட்பதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

1831 எல்லா இடங்களிலும் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் செல்லும் வழியில் விக்டரைக் காப்பாற்றி அவன் கதையைக் கேட்கும் வால்டன், தான் தேடும் அறிவுக்காக ஒரு மனிதனின் உயிர் மிகச் சிறிய விலைதான் என்று சொல்வதும், அதைக் கேட்ட விக்டர் நடுங்கி, என் பைத்தியம் உனக்கும் பிடித்துவிட்டதா என்று கதறுவதும் 1831இல் சேர்க்கப்பட்டவை. விக்டர் ஏன் தன் கதையைச் சொல்ல முற்படுகிறான் என்பதற்கு முதற்பதிப்பில் இவ்வளவு வலுவான தூண்டுதல் இல்லை. இது சிறந்த சேர்க்கை என்பதில் எனக்கு ஐயமில்லை.

மேரி ஏன் இப்படி மாற்றினார்? 1823இல் ஜெனோவாவில் தமக்குத் தெரிந்த ஒரு பெண்மணியிடம், தாம் கைப்படத் திருத்தங்கள் எழுதிய முதற்பதிப்புப் பிரதி ஒன்றை அவர் கொடுத்தார். அது இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. மறுபதிப்பு வருமானால் முதல் இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதுவேன், சம்பவங்களில் உயிரில்லை, நடை சில இடங்களில் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்ற பொருளில் அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். ஆகவே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பதிப்பகத்தாரின் தேவையால் மட்டும் வந்ததல்ல. ஆனால் அந்த மாற்றம் விதியின் பக்கம் சாய்ந்ததற்கு அவருடைய வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும். முதற்பதிப்பு வெளிவந்த அதே ஆண்டில் மகள் கிளாரா இறந்தாள். 1819இல் மகன் வில்லியம் இறந்தான். 1822 ஜூலையில் பெர்சி கடலில் மூழ்கினார். 1824இல் நண்பரான கவிஞர் பைரனும் மறைந்தார். 18 வயதில் எழுதத் தொடங்கிய கதையை முப்பது வயதைக் கடந்த கைம்பெண்ணாகத் திரும்பப் படித்தவருக்கு, மனிதனின் தேர்வு என்பது சிறிதாகவும் ஊழ் என்பது பெரிதாகவும் தெரிந்திருக்கலாம். இதை ஊகம் என்றே கொள்ளுங்கள். மரணமும் துயரமும் வெறும் சொற்களாக மட்டும் இருந்த மகிழ்ச்சியான நாட்களில் பிறந்தது இந்த நூல் என்று 1831 முன்னுரையில் அவரே எழுதுகிறார். அதே முன்னுரையில், கதையில் எதையும் மாற்றவில்லை, நடையைத்தான் திருத்தினேன் என்றும் சொல்கிறார். மேலே சொன்னவற்றைப் பார்த்த எவரும் அதை ஏற்க முடியாது. முன்னுரையை இறுதியில் படிக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்; முதலில் படித்தால் ஆசிரியரின் சொல்லை நம்பி, கண் முன்னே இருக்கும் மாற்றங்களைக் காணாமல் விட்டுவிடுவோம்.

முதற்பதிப்பே தூய்மையானது என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த சார்லஸ் ராபின்சன், அதில் பெர்சி எழுதிய சொற்கள் 4,000 முதல் 5,000 வரை இருக்கும் என்று காட்டியிருக்கிறார். 1831இன் மாற்றங்கள், நல்லவையோ அல்லவோ, மேரி ஒருவரே செய்தவை.

இரு பதிப்புகளிலும் ஏறக்குறைய மாறாமல் நிற்பது, படைக்கப்பட்ட உயிர் தன் வரலாற்றைத் தானே சொல்லும் நடுப்பகுதி. வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பகுதி அந்நியமாக இராது. விளக்கின் சுடரிலிருந்து உருவற்ற பிண்டமாகப் பிறந்து உயிர் பெற்ற பிள்ளை, சுடுகாட்டுப் பிணம் தின்றதால் கயிலையில் இருக்க முடியாமல் போகிறது. ஆனால் பெற்றவர்கள் அதற்கு வரம் கொடுத்து, பூமியில் இடமும் கொடையும் பெறும் வழி காட்டி அனுப்புகிறார்கள். விக்டர் தன் படைப்புக்கு ஒரு பெயர்கூட இடவில்லை. எனக்குத் துணை வேண்டும், நான் தீயவனானது துயரத்தால்தான் என்று அது மலைப்பனியில் நின்று கேட்கும் நியாயத்தில் மேரி 1831இலும் கை வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவு.

தேர்வைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் மேற்கோள் எழுதும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். விதியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதானால் சான்றுகள் 1831இல் நிறைய கிடைக்கும். அவற்றை முதற்பதிப்பின்மேல் ஏற்றிவிடாதீர்கள். எலிசபெத்தின் சிறைப் பேச்சை மேற்கோள் காட்டினால், திருத்துபவர் 1831 மட்டுமே படித்தவராக இருக்கக்கூடும். 1818, முதல் பாகம், ஏழாம் அத்தியாயம் என்று எழுதிவிட்டால் அவரே தேடிப் பார்த்துக்கொள்வார்.