மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களின் சந்திப்புக்குப் புதியவர் போகலாமா? அங்கே வெறும் பெருமைப் பேச்சுதான் என்கிறார்களே?

தாராளமாகப் போங்கள். பெருமைப் பேச்சு இருக்குமா என்றால், இருக்கும். நிறையவே இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பேச்சுக்காகவே போகலாம்.

"இப்போதுதான் பழகுகிறேன், காட்டுவதற்கு ஒரு சின்னப் பெட்டி மட்டும் இருக்கிறது, அதிலும் மூலைகளில் இடைவெளி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு ஓரத்தில் தனியாக, காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அதில் ஒரு சங்கடம் உண்டு. காணொளிக்காரர் இழைக்கும்போது சீவல் வருவது தெரியும். அவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பது தெரியாது. உங்கள் உளியை வாங்கி விரலால் தடவிப் பார்த்து "இது மழுங்கிக் கிடக்கிறது" என்று அவரால் சொல்லவும் முடியாது. கூர் போதாத உளியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டு, மரம்தான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

இந்தப் "பெருமைப் பேச்சு" குற்றச்சாட்டு எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். எங்கள் பக்கத்துச் சந்திப்பை ஏற்பாடு செய்பவர்களில் நானும் ஒருவன். வராதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஒரு சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் காலையிலிருந்து தன்னுடைய பழைய நான்காம் எண் இழைப்புளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவிதான் இழைப்புளி. ஸ்டான்லி என்ற அமெரிக்கக் கருவி நிறுவனம் 1869இல், இழைப்புளி செய்துவந்த லெனார்ட் பெய்லியின் தொழிலை வாங்கித் தயாரிக்கத் தொடங்கிய வரிசையில் வரும் எண் அது. இன்றைக்கு மற்ற கம்பெனிகளும் அதே எண்ணைத்தான் போடுகின்றன.) அது எப்பேர்ப்பட்ட இரும்பு, அதை எப்படித் தேடிப் பிடித்தார், துருவை எப்படி எடுத்தார் என்று ஒரே புராணம். பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். என் மேசை சுவரோரம், நழுவ வழியில்லை.

என்னிடம் ஒரு பிடிவாதக்காரப் பலகை இருந்தது. நார் ஒரு பட்டையில் இந்தப் பக்கமும் அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கமும் ஓடும் ரகம். சப்பேலி மரத்தில் இதை நிறையப் பார்க்கலாம். எந்தத் திசையில் இழைத்தாலும் ஒரு பட்டை வழவழவென்று வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்து குழிகுழியாகிவிடும். "இதை இழைத்துக் காட்டுங்கள் ஐயா" என்று அவரிடம் நீட்டினேன். நிஜமாகவே உதவி கேட்டேனா, வாயை அடைக்கக் கொடுத்தேனா என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இழைப்புளியைப் பிரித்தார். பிளேடின் முதுகோடு சேர்த்துத் திருகியிருக்கும் இரண்டாவது தகடு இருக்கிறதே, சிப் பிரேக்கர், அதைத் தளர்த்தி முன்னால் தள்ளினார். வெட்டு முனைக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு மட்டும் தெரிகிற அளவுக்குத் தள்ளினார். நிச்சயம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. பெரும்பாலானவர்கள் இதை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அப்புறம் நாருக்கு எதிராகவே ஒரு இழுப்பு இழைத்தார். சீவல் சுருளவில்லை, நாடா மாதிரி நேராக மேலே எழும்பி வந்தது. பலகையைத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடப் பிய்யவில்லை.

"சீவல் நிமிர்ந்து வந்தால் இந்தத் தகடு வேலை செய்கிறது என்று அர்த்தம், தம்பி. சுருண்டு வந்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது" என்றார். பிளேடு நாரைக் கிளப்பும்போது, வெட்டு முனைக்கு முன்னாலேயே நார் பிளந்துகொண்டு ஓடப் பார்க்கும். அந்த இரண்டாவது தகடு முனைக்கு மிக அருகில் இருந்தால், கிளம்பும் சீவலை உடனே முன்னால் மடக்கித் தள்ளிவிடும், பிளவு ஓடாது. ஜப்பானில் யமகத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தோ, கவாய் என்ற இரு பேராசிரியர்கள் இதை மிக அருகிலிருந்து படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். அதை நான் பிற்பாடு தேடிப் பார்த்தேன். பெரியவர் அதைப் பார்த்ததில்லை, அவருக்குக் கையில் இருந்தது.

அவர் அடக்கமான ஆளாக இருந்திருந்தால் மூலையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இப்படி ஒரு சங்கதி அவரிடம் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. பெருமை பேசுகிறவரிடம் உள்ள நல்ல குணம், கேட்டால் போதும், ஒன்றையும் ஒளிக்க மாட்டார். எந்தக் கல், என்ன கோணம், என்ன எண்ணெய், எல்லாம் வந்துவிடும். 25 பாகையில் சாணை பிடித்து, நுனியில் மட்டும் 30 பாகையில் தீட்டினால் வேலை பாதியாகிறது என்று எனக்குப் பிடிபட்டதும் இன்னொரு பேச்சுக்காரரால்தான். ஜப்பானில் இந்தப் பெருமைக்கென்றே கெசுரோகாய் என்று ஒன்று நடக்கிறது. யார் மெல்லிசாகச் சீவுகிறார்கள் என்று போட்டி, மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள். தேர்ந்தவர்களின் சீவல் பத்து மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும், கீழே போகிறது. அதை வைத்து ஒரு முக்காலிகூடச் செய்ய முடியாதுதான். ஆனால் அந்த அளவுக்குச் சீவ வேண்டுமென்றால் தீட்டலும் இழைப்புளிக் கட்டையின் அடிப்பாகமும் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

"சாண்டர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு" என்று, உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் மெஷினைச் சொல்லி, யாராவது இப்போது கிளம்பி வருவார்கள். என்னிடமும் சாண்டர் இருக்கிறது. மெஷினில் செய்பவர்களைத் தாழ்த்தி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. எல்லாச் சந்திப்பும் இப்படித்தான் என்றும் சத்தியம் செய்யவில்லை. நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. எதையும் செய்யாமல், எந்தக் கருவி என்ன விலை என்று மட்டுமே பேசுபவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நாள் போச்சு.

இன்னொரு ரகமும் உண்டு. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், வேடிக்கை பார்க்க வருபவர்கள். "ஓ, மரவேலை தெரியுமா? எனக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு குடுங்களேன், மரத்துக்குக் காசு குடுத்துடறேன்." மரத்துக்கு! உழைப்பு வானத்திலிருந்து விழுகிறதா? பொழுதுபோக்கு என்றால் இனாம் என்று யார் சொன்னது? செய்து கொடுத்தால், கால் ஒன்று லேசாக ஆடுகிறது என்று ஒரு போன் வேறு வரும். தரை மேடுபள்ளமாக இருக்கும், அதற்கும் நான்தான் பொறுப்பு. சரி, நீங்கள் கேட்டது இதை இல்லை.

என்ன கொண்டு போவது என்றால், உங்களை வாட்டுகிற ஒரு வேலையும் நீங்கள் தீட்டிய ஒரு உளியும் போதும். உளி நுனிக்கு உறை போடுங்கள். கருவிகளில் உங்கள் அடையாளத்தைக் கீறிவையுங்கள். சாயங்காலம் எல்லா மேசையிலும் ஒரே மாதிரி உளிகள்தான் கிடக்கும். பிறர் கருவியைக் கேட்காமல் தொட வேண்டாம், இதில் மட்டும் நாங்கள் கொஞ்சம் கடுகடுப்பான சாதி. மெஷின் ஓடும் இடமென்றால் முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிவையுங்கள்.

அந்த இடைவெளி தெரியும் பெட்டியையே எடுத்துப் போங்கள். மக்கு வைத்து அடைக்காமல், வார்னிஷும் அடிக்காமல் கொண்டுபோனால்தான் மூட்டு எங்கே தப்பியது என்று பார்க்க முடியும். வார்னிஷ் அடித்துவிட்டால் பேச்சு வார்னிஷுக்குப் போய்விடும். அது ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது.