பியானோவில் பறவைக் குரலை எப்படிக் கொண்டுவருகிறார்கள்?
ஐரோப்பியக் குக்கூ பறவைக்கு இரண்டு சுரம் போதும். 1735-லேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் தாக்கென், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு அப்படித்தான் எழுதினார். இன்று அதைப் பியானோவிலும் வாசிக்கிறார்கள். மற்ற பறவைகள்தான் சிக்கல். அந்த வேகத்துக்கு விரல் ஓடாது, சுரமோ பல சமயம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும்.

பிரான்சின் இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் காட்டிலும் வயலிலும் உட்கார்ந்து, கேட்டதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியை இறக்கி, நுண்ணிய இடைவெளிகளை அரைச் சுரமாக விரித்தார். என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த வேலை: பறவையின் கரகரப்பும் கணீரும் வர, சுரத்துக்குச் சுரம் வேறு வேறு கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) ஏற்றினார். 1956–58-ல் எழுதிய அவரது 13 பறவைப் படைப்புகளில் ஏழாவதை முதலில் கேளுங்கள். நாணல் கதிர்க்குருவிக்கானது அது, சுமார் அரை மணி நேரம் ஓடும்.