வாடகை வீட்டு முருங்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாக வாசித்துவருகிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். பிழைப்பு சென்னையில், தாம்பரம் தாண்டி ஒரு வாடகை வீடு. ஒரு சங்கடத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதி ஏரியில் கழிவுநீர் கலக்கிறது. அதைத் தடுக்கக் கேட்டு ஒரு மனு தயார் செய்து, கையெழுத்துப் போட வாருங்கள் என்று சபை வாட்ஸப் குழுவில் போட்டேன். 'சபைக்குள் அரசியல் வேண்டாம். நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று ஒரு மூப்பர் பதில் போட்டார். அதே வாரம், ஒரு வேட்பாளரின் படத்தோடு எரேமியா 29:11 எழுதிய வாழ்த்து அட்டை அதே குழுவில் வந்தது. அதற்கு வரிசையாக ஆமென். கோபத்தில் நான்கு வார்த்தை எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். நான் செய்தது சரியா? திரும்பச் சேர வேண்டுமா?

இன்னும் ஒன்றிரண்டு. மூன்று வருடமாக ஒரு புத்தகம்கூட முழுதாக வாசிக்கவில்லை. செல்போனில் வரும் தின வசனத்தோடு சரி. போனை விட்டால்தான் வாசிப்பு வருமா? எதில் தொடங்கலாம்? அப்புறம், தொட்டியில் வைத்த கறிவேப்பிலை நான்கே மாதத்தில் பட்டுப்போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டு மண்ணில் எதையும் நட மனம் வருவதில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏரியும் மனுவும் மூப்பரும் இருக்கட்டும், வருகிறேன். வாடகை வீட்டு மண்ணில் நட மனம் வரவில்லை என்கிறீர்களே, அந்த வரி வந்த நேரம் அப்படி.

போன வாரம்தான் என் ஆச்சியின் வேதாகமத்தை பைண்டிங்குக்குக் கொண்டுபோனேன். 1958இல் வாங்கியது. முதுகு பிய்ந்து, ஆதியாகமம் தனியாகக் கழன்று வருகிறது. பைண்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ஓரமெல்லாம் நைஞ்சு போச்சும்மா. மிஷின்ல வச்சு மூணு பக்கமும் கால் இஞ்ச் வெட்டிட்டா புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். நான் புத்தகத்தை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிவிட்டேன். அந்தக் கால் இஞ்சில்தான் ஆச்சி இருக்கிறாள்.

தாத்தா உபதேசியார், சபை ஊழியர். மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். தேரிக் காட்டில் ஒரு ஊர், கடற்கரைப் பக்கம் ஒரு ஊர், எங்கே போட்டாலும் சபை கொடுக்கிற வீடு. ஓய்வு பெறுகிற வரைக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆச்சி போன இடமெல்லாம் எதையாவது நடுவாள். எரேமியா 29ஆம் அதிகாரம் இருக்கிற பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் அதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. 'வேம்பு 2.' 'நாரத்தை.' 'முருங்கை, கிணத்தடி.' 'புளி.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊரின் முதல் எழுத்தும் வருடமும். மொத்தம் பதினொரு வரி, ஏழு ஊர். சில வரிகளுக்கு எதிரே சிறிய சிலுவைக் குறி. பட்டுப்போனவை.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவது என் வேலை. கை வலித்தது. "மாத்தலாகிப் போயிருவோம்லா, பெறகு எதுக்கு ஆச்சி?" என்று கேட்டேன். ஆச்சி குனிந்து பாத்தி கட்டிக்கொண்டே, "ஏட்டி, அடுத்து வாற உபதேசியார் பிள்ளைய முருங்கக்காய்க்கு எங்க போகும்?" என்றாள். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றுக்குப் போனேன்.

இப்போது அந்த 29:11. இதை விடமாட்டேன் தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இது தொங்காத சுவர் அபூர்வம். காலண்டரில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இருக்கிறது. நீங்கள் பார்த்த வேட்பாளருக்கும் அது கிடைத்துவிட்டது. ஆனால் இதற்கு ஒரு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சொல்பவர் குறைவு.

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஊரில் மிஞ்சிய தீர்க்கதரிசி எரேமியா அவர்களுக்கு ஆள் மூலம் எழுதி அனுப்பியது அது. அந்தச் சமயத்தில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்லியிருந்தான். இரண்டு வருடம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? மூட்டையை அவிழ்க்காமலே உட்கார்ந்திருக்கலாம். எரேமியா எழுதியது வேறு. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அதற்கப்புறம் பத்தாம் வசனம்: எழுபது வருஷம். அது முடிந்த பிறகுதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர்.

எழுபது வருடம். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பிப் போயிருக்க முடியாது. அவர்களிடம்தான் 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று சொல்லப்படுகிறது. 'உன்' அல்ல, 'உங்கள்.' ஒருவருடைய பிரமோஷனுக்கும் விசாவுக்கும் சொன்னதில்லை. சொந்த மண்ணை இழந்த ஒரு ஜனக்கூட்டத்துக்கு, உங்கள் பேரப்பிள்ளைகளை மனதில் வைத்து மரம் நடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதன் தொடர்ச்சியாகச் சொன்னது. ஐந்தாம் வசனத்தின் தோட்டத்தையும் ஏழாம் வசனத்தின் பட்டணத்தையும் பத்தாம் வசனத்தின் எழுபதையும் வெட்டிப் போட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறோம். பைண்டர் வெட்டச் சொன்னது கால் இஞ்ச் வெற்று ஓரம். நாம் வெட்டுவது நடுப் பக்கத்தை.

அந்தக் கடிதத்துக்குப் பதிலும் வந்தது. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன் எருசலேம் ஆசாரியனுக்கு எழுதினான்: இந்த எரேமியா நெடுங்காலம் ஆகும் என்கிறான், வீடு கட்டு தோட்டம் போடு என்கிறான், இவனை ஏன் இன்னும் நீர் கண்டிக்கவில்லை? அதுவும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. முழுதாக வாசித்தால்தான் தெரியும்.

ஆச்சி முழுதாக வாசித்தவள். அந்தப் பத்தாம் வசனத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. 70, அதற்குக் கீழே 46, கோடு, 116. அந்தக் கணக்கைப் போட்ட வருடம் அவளுக்கு வயது 46. சின்ன வயதில் அது என்ன கணக்கென்று எனக்குப் புரியவில்லை. இப்போது பைண்டிங் கடையில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. கணக்குக்கு அடுத்த வரியில், அதே பென்சிலில், 'பனை, 3 விதை.' பனை வைத்தவன் பார்த்துச் சாவான், தென்னை வைத்தவன் தின்று சாவான் என்பார்கள் எங்கள் பக்கம். அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பனையை நட்டிருக்கிறாள்.

உங்கள் மூப்பரின் பிலிப்பியர் 3:20க்கு ஒரே பதில்தான். 'நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று எழுதிய பவுல், அதே பிலிப்பி ஊரில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போடப்பட்டவர். மறுநாள் காலை அதிகாரிகள், சத்தமில்லாமல் போகட்டும் என்று ஆள் அனுப்பியபோது, நாங்கள் ரோமக் குடிகள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார். வந்தார்கள். அப்போஸ்தலர் 16. குடியுரிமையைப் பிடித்துக் கேட்டவருடைய வசனத்தைக் காட்டி ஒரு ஏரி மனுவை அடைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பட்டணத்தின் சமாதானம் என்பதில் அந்தப் பட்டணத்தின் சாக்கடையும் சேர்த்திதானே. வேட்பாளர் படத்துக்கு ஆமென் சொன்ன வாயால், மனுவை அரசியல் என்று சொல்லக்கூடாது.

நம் முன்னோர் கதையும் மூப்பருக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்து முதலூர் 1799இல் உண்டானது. விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்க விடாமல் துரத்தப்பட்டவர்களுக்கு தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் நிலம் வாங்கி அமைத்த ஊர். பரலோகத்தை நம்பியவர்கள்தான். ஆனாலும் வீடு கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள்.

உங்களையும் விடப்போவதில்லை. நீங்கள் சென்னையில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் மூட்டையை அவிழ்க்காமல் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மூன்று வருடத்தில் ஒரு புத்தகம் இல்லை. நான்கு மாதத்தில் ஒரு செடி போனதும் மனம் விட்டுவிட்டீர்கள். ஒரு மூப்பர் மறுத்ததும் குழுவை விட்டே போய்விட்டீர்கள். இவை மூன்றும் ஒரே பழக்கம் தம்பி. ஏரி விஷயம் ஒரு மனுவில் முடியாது. பத்து மனு ஆகலாம், இரண்டு மூன்று கவுன்சிலர்கள் மாறலாம். அதற்கு ஆள் வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியே போகிறவரால் அது ஆகாது. இதை அதட்டலாகவே சொல்கிறேன், உங்கள்மேல் நம்பிக்கை இருப்பதால்.

போன் பற்றிக் கேட்டதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நானே ராத்திரியில் எழுத்தைப் பெரிதாக்கி அதில்தான் வேதம் வாசிக்கிறேன். துண்டு போடுவது போன் கொண்டுவந்த வியாதி இல்லை. எரேமியா எண் போட்டு எழுதவில்லை. 1551இல் ஜெனீவாவில் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வசன எண்களோடு அச்சிட்டார். நாம் இன்று அங்கே சொல்கிற எண்கள் அவர் போட்டவை. தேடி எடுக்கத்தான் எண், வெட்டி எடுக்க அல்ல. தின வசனம் வரட்டும். வந்ததும் அதைத் தொட்டு அந்த அதிகாரம் முழுவதையும் திறங்கள். பத்து நிமிடம் பிடிக்காது.

எதில் தொடங்குவது? ரூத். நான்கே அதிகாரம், ஒரே இருப்பில் முடியும். பிழைப்புக்காக வேற்று ஊர் போனவர்கள் கதைதான் அதுவும். கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் அப்புறம். நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், சாயர்புரத்தில் பாடம் சொன்னவர். அந்த விருத்தங்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவசரமில்லை.

கறிவேப்பிலை பட்டுப்போனது அநேகமாகத் தண்ணீரால்தான். தினமும் ஊற்றியிருப்பீர்கள். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நல்ல வெயில் வேண்டும், மாதம் ஒருமுறை புளித்த மோரைத் தண்ணீர் கலந்து விடுங்கள். முதல் வருடம் வளராதது போலவே நிற்கும், பயப்பட வேண்டாம். அந்தச் செடியின் தாவரவியல் பெயரில் உள்ள 'கொனிகி', 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவரைக் குறிப்பது. லின்னேயஸின் மாணவர். மருந்து கொடுக்க வந்த ஊரில், ஊரார் ரசத்தில் கிள்ளிப் போடுகிற இலையையும் குனிந்து பார்த்திருக்கிறார். திரும்ப ஊருக்குப் போகவில்லை, இந்தியாவிலேயே இறந்தார்.

குழு விஷயம். திரும்பச் சேருங்கள். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பரை நேரில் பாருங்கள். மனு போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், அந்த நான்கு வார்த்தைக்குக் கேளுங்கள். கேட்டுவிட்டு, கையில் மனுவையும் கொண்டுபோங்கள். முதல் கையெழுத்து அவரிடமே கேளுங்கள். போடாவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் கேட்கலாம்.

பின்பக்கத்து மண்ணுக்கு முருங்கைதான் சரி. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கை நீளத்துக்கு, மணிக்கட்டுக் கனத்தில் ஒரு போத்து யாரிடமாவது வெட்டி வாங்குங்கள். முழங்கை ஆழம் குழி. வெட்டிய மேல் முனையில் ஒரு உருண்டை சாணியை அப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்துவிடும். சுவரை ஒட்டி வேண்டாம், கிளை முறிந்து விழும். மழைக்கு முன்னால் நட்டுவிட்டால் நீங்கள் வீடு மாறுவதற்குள் ஒருமுறையாவது காய்க்கும்.

பைண்டர் கடைசியில் ஓரத்தை வெட்டாமல் கையாலேயே தைத்துத் தர ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா